ஆபீஸ் மெஷினில் பாட்டுப் போட்டவர்கள்

கம்ப்யூட்டரை முதன்முதலில் பாட வைத்தவர்களில் ஒருவரைக்கூட அதற்காக யாரும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கவில்லை. ஒருவர் அரசு ஆய்வுக்கூடத்துக் கணக்குக்காரர். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். ஒருவர் டெலிபோன் கம்பெனி இன்ஜினியர். ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டு நிற்கிற, விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கு மட்டுமே தொட அனுமதி இருந்த இயந்திரங்களில் இவர்கள் பாட்டுப் போட்டுப் பார்த்தார்கள். நிரல் எழுதி இசை அமைப்பது எப்படி என்று இன்று கற்றுக்கொள்ள உட்காரும் எவரும் இந்த அத்துமீறல் வம்சத்தின் வாரிசுதான். ராமனுக்கே கல்யாணத்துக்கு முன்னால் குலமுறை கிளத்தினார்கள். நாமும் கிளத்திவிட்டே ஆரம்பிப்போம்.

மூதாதை லண்டனில் இருந்தார். பெயர் சார்லஸ் பாபேஜ். பல்சக்கரங்களால் எந்தக் கணக்கையும் போடக்கூடிய இயந்திரத்தை வரைந்து வரைந்து திருத்தி, கடைசிவரை கட்டி முடிக்காத கோபக்காரர். 1843-ல் அவருடைய நண்பர் ஏடா லவ்லேஸ், கட்டப்படாத அந்த இயந்திரத்தைப் பற்றிய ஒரு கட்டுரைக்கு, அந்தக் கட்டுரையைவிட நீளமான குறிப்புகள் எழுதினார். ஸ்வரங்களுக்குள் இருக்கும் உறவுகளை விதிகளாக்கிக் கொடுத்துவிட்டால் இது எவ்வளவு சிக்கலான இசையையும் இயற்றும் என்று போகிற போக்கில் அதில் சொல்லிவிட்டுப் போனார்.

பாபேஜ் இதை எந்த முகத்தோடு படித்திருப்பார் என்று யோசிக்க வேண்டும். ஏனென்றால் அந்த மனிதருக்கு உலகத்தில் ஆகவே ஆகாதது தெருவில் வாசிக்கிற இசை. கைப்பிடியைச் சுற்றினால் பாடும் ஆர்கன் பெட்டியோடு வாசலில் வந்து நிற்பவர்களால் தன் உழைப்புத் திறனில் கால் பங்கு நாசமாகிவிட்டது என்று கணக்கே போட்டு எழுதி வைத்தார். சும்மா விடவில்லை. அவரும் சேர்ந்து சண்டை பிடித்ததில் 1864-ல் தெரு இசையைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமே வந்தது. பதிலுக்கு, அவர் வீட்டு வாசலாகத் தேடி வந்து வாசித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. இதில் விசேஷம் என்னவென்றால், அந்த ஆர்கன் பெட்டிக்குள் இருந்தது முள் பதித்த உருளை. எந்த முள் எங்கே இருக்கிறதோ அதுதான் பாட்டு. உருளையை மாற்றினால் பாட்டும் மாறும். அதாவது, நிரலாக்கத்தின் பிதாமகர் தன் வாழ்நாளில் விரட்டி விரட்டி அடித்தது நிரலால் ஓடும் இசையைத்தான்.

நூறு வருடம் தாண்டி சிட்னிக்கு வருவோம். அங்கே ரேடியோ இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டிரெவர் பியர்சியும் மாஸ்டன் பியர்டும் சுமார் 2,000 வால்வுகள் வைத்து ஒரு கம்ப்யூட்டர் கட்டியிருந்தார்கள். பிற்காலத்தில் அதற்கு சைராக் என்று பெயர். அதில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. பாட்டுக்கு அல்ல. நிரல் ஓடுகிறதா, முடிந்ததா, எங்கேயாவது முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று காதால் தெரிந்துகொள்ள வைத்தது. ‘ஸ்பீக்கருக்கு ஒரு துடிப்பு அனுப்பு’ என்று ஒரு கட்டளை. அனுப்பினால் ‘டிக்’. அவ்வளவுதான்.

ஒரு டிக் சத்தம்தான். அதையே நொடிக்கு 440 தடவை, இடைவெளி பிசகாமல் அனுப்பினால் டிக் மறைந்து ஸ்வரம் வந்துவிடும். மேற்கத்தியர்கள் வாத்தியங்களுக்குச் சுருதி கூட்டும் அந்த ‘ஏ’. இந்த ரகசியம் தெரிந்து உட்கார்ந்தவர் ஜெஃப் ஹில் என்ற கணிதக்காரர். நல்ல சுருதி ஞானம் உள்ளவர். சுலபம்தானே என்று தோன்றும். ஆனால் சைராக்கின் நினைவகம் பாதரசக் குழாய்களால் ஆனது. தகவல் அதற்குள் ஒலித் துடிப்பாக ஓடி, மறுமுனையைத் தொட்டு, மறுபடி முதலிலிருந்து ஓடும். உங்களுக்கு வேண்டிய கட்டளை அப்போதுதான் கடந்து போயிருந்தால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் டிக் தாமதமாகும். தாமதமானால் சுருதி போகும். ஆகவே எந்தக் கட்டளை பாதரசத்தில் எந்த இடத்தில் நீந்திக்கொண்டிருக்கும் என்று பார்த்துப் பார்த்து அடுக்கினார் ஹில். தகவலே ஒலியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பெட்டியிலிருந்து ஒலியை வெளியே கொண்டுவர அந்த மனிதர் பட்ட பாடு அது.

1951 ஆகஸ்டில் சிட்னியில் நடந்த கணினி மாநாட்டில் சைராக் சபையேறியது. அரங்கேற்றத்துக்கு என்ன பாட்டு என்கிறீர்கள்? ‘கர்னல் போகி’. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஹிட்லரின் உடற்கூற்றைப் பற்றி, குடும்பத்தோடு கேட்க முடியாத வரிகளைக் கட்டிப் பாடிய மெட்டு. சபையில் அமர்ந்திருந்த பேராசிரியர்களில் பாதிப் பேருக்கு அந்த வரிகள் மனதுக்குள் ஓடியிருக்கும். கணபதி ஸ்துதி இல்லாமல் கச்சேரியை ஆரம்பித்தால் இப்படித்தான்.

யாரும் அதை ஒலிப்பதிவு செய்யவில்லை. சிட்னி ஆய்வுக்கூடத்துக்கு அதைவிட முக்கியமான வேலைகள் இருந்தன. ஒன்று வானொலி வானியல். இன்னொன்று, மேகத்தில் ரசாயனம் தூவி மழை வரவழைப்பது. இந்த இரண்டுக்கும் முன்னால் கம்ப்யூட்டர் எதற்கு என்று முடிவாகி, 1955-ல் சைராக்கை மூட்டை கட்டி மெல்போர்னுக்கு அனுப்பிவிட்டார்கள். மழைக்காகப் பாட்டை அனுப்பிவிட்ட ஊர். எட்டயபுரத்தில் தீட்சிதர் அமிர்தவர்ஷிணி பாடிய கதை தெரிந்த யாராவது ஒருவர் அந்த நிர்வாகக் குழுவில் இருந்திருந்தால் இரண்டையும் ஒரே பட்ஜெட்டில் முடித்திருக்கலாம்.

அதே 1951-ல் மான்செஸ்டரிலும் ஒரு அத்துமீறல். ஃபெராண்டி மார்க் 1 என்ற இயந்திரத்தில் ஊளையிட ஒரு ஹூட்டர் இருந்தது. இயந்திரத்துக்கான கையேட்டை எழுதியவர் ஆலன் டியூரிங். ஹூட்டரை எப்படி ஊத வைப்பது என்றும் அதில் எழுதியிருந்தார். பாட்டில் அவருக்கு அக்கறை இல்லை. வேலை முடிந்தால் ஒரு சத்தம், கோளாறு என்றால் ஒரு சத்தம், அதற்கு மேல் அந்த ஹூட்டருக்கு என்ன வேலை என்கிற ரகம். கையேடோ, மேதைகள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொள்ளும் வகை. எண்களை 32-ன் அடுக்கில், டெலிபிரிண்டர் எழுத்துகளில், அதுவும் இடம் வலம் மாற்றி எழுத வேண்டும்.

இந்தக் கையேடு கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி கையில் கிடைத்தது. ஹாரோ பள்ளியில் வாத்தியார். கேம்பிரிட்ஜ் நாட்களிலிருந்து டியூரிங்குக்குப் பழக்கம். விடைத்தாள் திருத்திய நேரம் போக மிச்ச நேரத்தில் அதை முழுக்கப் படித்து, அந்த இயந்திரம் அதுவரை பார்த்திராத நீளத்துக்கு ஒரு நிரலை எழுதிக்கொண்டு மான்செஸ்டருக்கு வந்தார். ராத்திரி முழுக்க மெஷின் அறையில் ஒண்டியாக உட்கார்ந்து பிழை திருத்தினார். விடிந்து மற்றவர்கள் வந்தபோது நிரல் ஓடி முடிந்தது. முடிந்த கையோடு ஹூட்டரில் கரகரவென்று ‘காட் சேவ் த கிங்’ கேட்டது.

தேசிய கீதம் அல்லவா? மரியாதைக்கு எழுந்து நிற்பதா, இல்லை வால்வு வெடிக்கப் போகிறது என்று ஓடுவதா? அங்கிருந்தவர்களுக்குப் பெரிய தர்மசங்கடமாக இருந்திருக்கும். டியூரிங் இரண்டே சொல்லில் பாராட்டினார் என்று கதை. வாத்தியாருக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த வருடமே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டார்.

செய்தி பரவி, பிபிசி ஒலிப்பதிவு வண்டியோடு வந்தது. மூன்று உருப்படிகள்: தேசிய கீதம், ‘பா பா பிளாக் ஷீப்’, கிளென் மில்லரால் பிரபலமான ‘இன் த மூட்’. கச்சேரிப் பத்ததி எங்கேயோ உதைக்கிறது, இருக்கட்டும். மூன்றாவது உருப்படியில் இயந்திரம் நடுவில் நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடியும் தகராறு. ‘இன் த மூட்’ வாசிக்க மெஷினுக்கு மூட் இல்லை போலிருக்கிறது என்று பதிவில் ஒரு குரல் கடிக்கிறது. கம்ப்யூட்டர் இசையின் மிகப் பழைய ஒலிப்பதிவில், அதன் முதல் கடி ஜோக்கும் பத்திரமாக இருக்கிறது. அந்தத் தட்டு தவறான வேகத்தில் பதிவாகி சுருதி மாறிக் கிடந்ததை 2016-ல் நியூஸிலாந்தில் ஜாக் கோப்லேண்டும் ஜேசன் லாங்கும் சரி செய்தார்கள். சுருதி சரியானதும் பாட்டு நன்றாகிவிடவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இதுவரை பார்த்ததெல்லாம் டிக் டிக் வித்தை. ஒலி என்றால் என்ன என்று கம்ப்யூட்டருக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தவர் மேக்ஸ் மேத்யூஸ். அமெரிக்காவில் நியூ ஜெர்சி, முர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை. பேச்சொலியை எண்களாக்கி அனுப்பினால் டெலிபோன் எப்படிக் கேட்கும் என்று ஆராய அவருக்குச் சம்பளம். வயலினும் வாசிப்பார், சுமாராக. சுமாராக வயலின் வாசிக்கும் இன்ஜினியரிடம், எண்களை ஒலியாக்கும் கருவியைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? மேலதிகாரி ஜான் பியர்ஸ் கண்டித்திருக்க வேண்டும். டிரான்சிஸ்டர் என்ற பெயரையே வைத்த பெரிய மனிதர் அவர். இருவரும் சேர்ந்து ஒரு பியானோ கச்சேரிக்குப் போனார்கள். கேட்டது பாதிக்கு மேல் பிடிக்கவில்லை. இதைவிடக் கம்ப்யூட்டரே நன்றாகச் செய்யும், போய் எழுது என்று பியர்ஸ் தூண்டிவிட்டார். சபாவில் கச்சேரி சரியில்லை என்றால் நாமெல்லாம் கேன்டீனுக்கு எழுந்து போவோம். இவர்கள் ஒரு துறையையே ஆரம்பித்தார்கள்.

1957-ல் ‘மியூசிக் 1’ என்ற நிரல் பிறந்தது. அடிப்படை யோசனை எளிமையானது, இன்றுவரை மாறாதது. ஸ்பீக்கரின் சவ்வு ஒவ்வொரு கணமும் எங்கே இருக்க வேண்டும் என்பதை ஓர் எண்ணாகச் சொல்லிவிடு. ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கில் எண்கள். பின்னாளில் சிடி வந்தபோது அது 44,100 என்று நிலைத்தது. நிசப்தம் வேண்டும் என்றாலும் சும்மா இருக்க முடியாது, பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் என்று 44,100 தடவை சொல்ல வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், கணக்குப் போடும் ஐபிஎம் 704 இருந்தது நியூயார்க்கில், மேடிசன் அவென்யூவில். எண்களை ஒலியாக்கும் கருவி இருந்தது முர்ரே ஹில்லில். கம்ப்யூட்டர் இருந்த ஊரில் வாய் இல்லை, வாய் இருந்த ஊரில் கம்ப்யூட்டர் இல்லை. நியூயார்க்கில் கணக்குப் போட்டு, காந்த நாடாவில் ஏற்றி, ஊருக்கு எடுத்துவந்து ஓட்டினால்தான் என்ன இசை என்றே தெரியும். ஒரு கமா தவறியிருந்தால் மறுபடி நியூயார்க். இன்றைக்கு ஹெட்போனில் பத்து மில்லி விநாடி தாமதம் என்று ஒப்பாரி வைப்பவர்கள் கவனிக்க.

1957 மே 17 அன்று உருவான முதல் உருப்படி நியூமன் கட்மன் இயற்றிய ‘தி சில்வர் ஸ்கேல்’. நீளம் 17 நொடி. ஒரே குரல், ஒரே முக்கோண அலை. ஸ்வரம், சத்தம், நீளம் மூன்றைத் தவிர எதையும் மாற்ற முடியாது. அழகு என்று அதைப் பெற்றவர்களே சொல்லிக்கொண்டதில்லை. அதைக் கேட்டுவிட்டும் மேத்யூஸ் விடவில்லை என்பதுதான் சாதனை. மியூசிக் 2-ல் நான்கு குரல். 1960 வாக்கில் மியூசிக் 3 வந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அலை எழுப்ப ஒரு துண்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு துண்டு, இரண்டைச் சேர்க்க ஒரு துண்டு. வேண்டியபடி கோத்துக்கொண்டால் அதுதான் உங்கள் வாத்தியம். யூனிட் ஜெனரேட்டர் என்று பெயர். வாத்தியம் ஒரு கோப்பில், வாசிக்க வேண்டிய ஸ்வரங்கள் இன்னொரு கோப்பில். பாரி வெர்கோ 1986-ல் எம்ஐடியில் எழுதிய சிசவுண்ட் என்ற மென்பொருளைத் திறந்தால் இன்றும் அந்த இரண்டு பகுதிகளும் அப்படியே இருக்கும்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லர் என்ற வேதியியல்காரர், லெனர்ட் ஐசக்சனோடு சேர்ந்து, கம்ப்யூட்டரையே ஸ்வரம் எழுத வைத்து மனிதர்களிடம் வாசிக்கக் கொடுத்தது வேறு கிளை. பங்காளி வீட்டுக் கதை, இங்கே வேண்டாம்.

1961-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கெல்லியும் கரோல் லாக்பாமும் கம்ப்யூட்டருக்குக் குரல் கொடுத்தார்கள். மேத்யூஸ் பக்கவாத்தியம். ‘டெய்சி பெல்’ என்ற காதல் பாட்டை அது மூக்கால் பாடியது. பியர்ஸைப் பார்க்க வந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதைக் கேட்டார். கேட்டவருக்குக் காதல் தோன்றவில்லை. அவரும் சேர்ந்து எழுதிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில், விண்கலத்து ஆட்களைக் கொன்றுவிட்டு உயிர் விடும் கம்ப்யூட்டரின் வாயில் அதே பாட்டு வந்து உட்கார்ந்தது. வித்வானுக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே இவ்வளவு கடுமையானது வேறில்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிரியமானவர் ஜான் சவுனிங். தாள வாத்தியக்காரர். இன்ஜினியரிங் படிக்காதவர். ஸ்டான்ஃபர்டில் இசை மாணவராக இருந்தபோது மேத்யூஸ் 1963-ல் எழுதிய கட்டுரை அவர் கைக்கு வந்தது. எந்த ஒலியையும் எண்ணால் செய்யலாம் என்று படித்ததும் பெல் ஆய்வுக்கூடத்துக்கே போய், ஒரு பெட்டி துளை அட்டைகளோடு திரும்பினார். அதுதான் அன்றைய டவுன்லோட். ஸ்டான்ஃபர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில், டேவிட் பூல் என்ற மாணவர் உதவியோடு அதை ஓட வைத்தார்.

1967-ல் ஒருநாள் வைப்ராட்டோவோடு விளையாடிக்கொண்டிருந்தார். ஸ்வரத்தை மேலும் கீழுமாக லேசாக அசைப்பது, நம் கமகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. நொடிக்கு ஐந்தாறு அசைவு என்றால் காது அதை அசைவாகக் கேட்கும். மனித விரல் அதற்கு மேல் அதிகம் போகாது. கம்ப்யூட்டருக்கு விரல் ஏது? வேகத்தைக் கூட்டினார், அசைவின் அகலத்தையும் கூட்டினார். நொடிக்கு நூறைத் தாண்டியதும் அசைவு காணாமல் போய், ஸ்வரத்தின் நிறமே மாறிவிட்டது. எண்களை மாற்ற மாற்ற மணி, பித்தளைக் குழல், பெயரில்லாத ஏதேதோ. இரண்டே இரண்டு அலைகள், ஒன்று இன்னொன்றை ஆட்டுகிறது. எஃப்எம் ஒலியாக்கம் அவ்வளவுதான்.

பல்கலைக்கழகம் இதை அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளிடம் கொண்டுபோனது. ஹேமண்ட் வேண்டாம் என்றது. வுர்லிட்சரும் வேண்டாம் என்றது. ஜப்பானிலிருந்து யமஹா அனுப்பிய இளம் இன்ஜினியருக்கோ சில நிமிடங்களில் விளங்கிவிட்டது; கம்பெனி உரிமம் வாங்கியது. இதற்கிடையில் ஸ்டான்ஃபர்ட் சவுனிங்குக்குப் பணி நிரந்தரம் தராமல் அனுப்பிவிட்டது. பிறகு உரிமத்தின் மதிப்பு உறைத்ததும் வாருங்கள் வாருங்கள் என்று திரும்ப அழைத்துக்கொண்டது. 1983-ல் யமஹா டிஎக்ஸ்7 வெளிவந்து லட்சத்துக்கு மேல் விற்றது. எஃப்எம் காப்புரிமையால் அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது 2 கோடி டாலருக்கும் மேல். எண்பதுகளின் பாப் பாட்டில் கண்ணாடி போல் ஒலிக்கும் மின் பியானோவைக் கேட்டால் அது பெரும்பாலும் இந்தப் பெட்டிதான். கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களுக்கும் அந்த ஒலி வந்து சேர்ந்தது. டிஎக்ஸ்7-ல் நீங்களே ஒலி அமைப்பது மகா கஷ்டம். சின்னத் திரை, ஏராளமான எண்கள். ஆகவே உலகத்தின் கால்வாசி இசைக்கலைஞர்கள் கம்பெனி போட்டுக் கொடுத்த ஒலிகளையே மாற்றாமல் வாசித்தார்கள். கால்வாசி என்பது என் தாராளம், உண்மையில் இன்னும் அதிகமாக இருக்கும்.

பெரிய ஆய்வுக்கூடமே தேவையில்லை என்று காட்டியவர் ஸ்டீவ் டாம்பியர். 1975-ல் அவரிடம் ஆல்டேர் 8800 என்ற கணினி இருந்தது. விசைப்பலகை இல்லை, திரை இல்லை, ஸ்பீக்கர் இல்லை, முன்பக்கம் சுவிட்சுகளும் விளக்குகளும் மட்டும். பக்கத்தில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நிரலை ஓட்டினார். ரேடியோ கத்தியது. வேறு யாராக இருந்தாலும் ரேடியோவை நகர்த்தி வைத்திருப்பார்கள். இவர் எந்தச் சுற்று எந்த ஸ்வரத்தில் கத்துகிறது என்று குறித்துக்கொண்டார். கலிஃபோர்னியாவில் ஹோம்ப்ரூ என்ற கணினி ஆர்வலர் கிளப்பின் கூட்டத்தில் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டி நிரலை ஏற்றினார். யாரோ மின்கம்பியை இடறிவிட, எல்லாம் அழிந்து முதலிலிருந்து தட்டினார். ரேடியோவிலிருந்து பீட்டில்ஸின் ‘த ஃபூல் ஆன் த ஹில்’ வந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் துக்கடாவாக ‘டெய்சி’.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பாரிஸில் இர்காம் என்ற இசை ஆய்வு மையத்தில் மில்லர் பக்கெட் எழுதிய மென்பொருளுக்கு, மேத்யூஸைக் கௌரவித்து மேக்ஸ் என்றே பெயர். பெட்டிகளை வரைந்து கோடு இழுத்தால் ஒலி. அதே ஆள் 1996-ல் அதே யோசனையை மறுபடி எழுதி, ப்யூர் டேட்டா என்று இலவசமாக விட்டார். அதே வருடம் ஜேம்ஸ் மெக்கார்ட்னியின் சூப்பர்கொலைடர் என்ற இசை நிரல்மொழி. பிரின்ஸ்டனில் கே வாங், பெரி குக் இருவரின் சக் என்ற இன்னொரு மொழி. 2004-ல் ஹாம்பர்க்கில் கூடிய சிலர், மேடையிலேயே நிரல் எழுதி வாசிப்போம், எழுதுவதைத் திரையில் ஊருக்கே காட்டுவோம் என்று சங்கம் வைத்தார்கள். நிரல் எழுதும்போது பின்னால் யாராவது எட்டிப் பார்த்தாலே வியர்க்கும் ஜாதி நாம். அவர்கள் அதற்கு டிக்கெட் போடுகிறார்கள்.

2012-ல் கேம்பிரிட்ஜில் சாம் ஆரன், பள்ளிப் பிள்ளைகளுக்காக, ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஓடும் சோனிக் பையை எழுதினார். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். பிளே 60 என்று அடித்து ரன் கொடுங்கள். 60 என்பது பியானோவின் நடு ‘சி’. பாதரசம் நீந்த வேண்டாம், மேடிசன் அவென்யூ போக வேண்டாம். உள்ளே ஒலி எழுப்புவது சூப்பர்கொலைடர்தான், அது தெரியாமலே காலத்தை ஓட்டலாம். கீழே பிளே 64, பிளே 67 என்று போடுங்கள். மூன்றும் ஒன்றாகக் கேட்கும், ஏனென்றால் காத்திருக்கச் சொல்லவில்லை. நடுவில் ஸ்லீப் 1 போட்டால் ஒன்றன் பின் ஒன்றாக வரும். காத்திருக்கும் நேரத்தை எழுதுவதுதான் இந்த வேலையில் பாதி. ஜெஃப் ஹில்லைக் கேட்டால் முக்கால்வாசி என்பார்.

பிறகு லைவ் லூப் என்று ஒரு சுற்றுக்குள் அதைப் போட்டு ஓட விடுங்கள். ஓடும்போதே எண்ணை மாற்றி மறுபடி ரன் கொடுத்தால், அடுத்த சுற்றிலிருந்து புதுப் பாட்டு. சூப்பர்கொலைடருக்கே நேராகப் போக நினைப்பவர்கள் முதல் நாள் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். பெருக்க வேண்டிய இடத்தில் 0.1-க்குப் பதில் 10 போட்டால் என்ன ஆகும் என்பதைக் காதை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சோனிக் பையில் அந்தப் பயம் குறைவு, பிழைகளும் மரியாதையாகப் பேசும். லைவ் லூப்பில் ஸ்லீப் போட மறந்தால் மட்டும் அது ஓட மறுத்து, இந்தச் சுற்று தூங்கவே இல்லை என்று புகார் சொல்லும். ராத்திரி இரண்டு மணிக்கு, யார் தூங்கவில்லை என்று யாருக்குச் சொல்கிறது என்ற குழப்பம் வரும். கால் நொடி கொடுங்கள், சமாதானமாகிவிடும்.